தட்டு மறையும் ஆழம்

ஐப்பசி மழை விட்டு மூன்றாம் நாள்.
தாழங்குடாவில் கடலுக்குள் நுழைந்த பிறகும்
பெண்ணையாறு நிறம் மாற மறுக்கிறது.
டீ வடிகட்டியை அலசிய தண்ணீர் மாதிரி
ஒரு நாக்கு,
எங்கள் படகோடு கூடவே வருகிறது.

ஏழு கிலோமீட்டர் தாண்டி
கஜபதி மோட்டாரை அணைக்கிறார்.
கறுப்பும் வெள்ளையுமாய்க் கால் கால் பங்கிட்ட தட்டைக்
கயிற்றில் இறக்குகிறேன்.
அரை மீட்டர். முக்கால்.
காணோம்.
மாசியில் இதே இடத்தில்
ஆறு மீட்டர் கீழிருந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்த தட்டு.

“இதுக்கு அடியிலதான் பார்” என்கிறார்.
பார் என்றால் அவருக்குக் களவாய் மீன், சிங்கி இறால்,
வலை கிழிந்தால் வாயில் வரும் வசவு.
எனக்கு,
விரற்கடை உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பவளங்கள்.
நான்கு வருடமாய் எண்ணுகிறேன்.
போன முறை நாற்பத்தொன்று.
அதில் ஒன்பதின் மேல் பாசி.

“பார்” என்கிறார் மறுபடி, விரலால் கீழே காட்டி.
பார்க்கத்தான் வந்தேன்.

புட்டிகளை ஐஸ் பெட்டியில் அடுக்குகிறேன்.
“மீனுக்கே ஐஸ் இல்ல, தண்ணிக்கு ஐஸா?”
சிரிக்கிறார். நானும்.
கண்டரக்கோட்டைப் பாலத்தடியில் எடுத்தது முதல் புட்டி.
நெல்லிக்குப்பத்துக்கு வடக்கே
ஒரு வாய்க்கால் ஆற்றில் விழுமிடத்தில் இரண்டாவது.
போன வருடமும் நைட்ரேட் அதில்தான் அதிகம்.

அந்த வாய்க்காலை எனக்குத் தெரியும்.
எங்கள் இரண்டரை ஏக்கர் கரும்பு
அதில்தான் வடியும்.
வெள்ளிக்கிழமை அண்ணன் போனில் புலம்பினான்:
“நாலு மூட்டை யூரியா போட்டேன்,
ராத்திரியே ஊத்திடுச்சு.
ஆயிரத்துச் சொச்சம் ஆத்தோட போச்சு.”
அடடா என்றேன்.
ஆற்றோடு எங்கே போச்சு என்று
அவன் கேட்கவில்லை.
என் கல்லூரிக் கட்டணம் எல்லாமே
ஆலை எடைமேடையில் ஏறி இறங்கி வந்த பணம்.

அறிக்கையில் எழுத ஒரு சொல் வைத்திருக்கிறோம்:
புள்ளியில்லா மூலம்.
இன்ன குழாய், இன்ன வாசல் என்று
விரல் வைக்க முடியாத மாசு என்று பொருள்.
நான் வைப்பேன்.
சர்வே எண் 114/2பி.
வரப்பில் ஒரு பூவரசு, பக்கத்தில் மோட்டார் கொட்டகை.

கரை நெருங்க சிக்னல் வருகிறது.
அவன்தான்.
“மேகம் விட்டிருக்கு, இன்னைக்கு மறுபடி தூவிடட்டுமா?”
கையில் ஈரக் கயிறு.
“வியாழன் வரைக்கும் வேணாம்.”
“ஏன்?”

மழை என்றேன்.
அதுவும் பொய்யில்லை.