பூஜ்யம் முதல் ஆறுவரை

தார்த்து மருத்துவமனையில் மைமுவிடம் ஒரு தாள்.
கடந்த நான்கு வாரங்களில்
படபடப்பு எவ்வளவு படுத்தியது?
பூஜ்யம் முதல் ஆறுவரை வட்டமிடவும்.

இரண்டைச் சுற்றினாள்.
கருவியும் அதையேதான் சொன்னது:
நெஞ்சில் ஒட்டிய ஒருநாள் முழுக்கச் சீரான துடிப்பு,
விருந்தாளி முன்னால் மட்டும் சமர்த்தான பிள்ளை மாதிரி.

ஆனால் இரண்டாம் மாடி வந்ததும் நின்று
கையிலிருக்கும் சாவியைப் பையில் தேடுவாளே,
பக்கத்துவீட்டார் கடந்துபோகும்வரை,
அதற்கு என்ன எண்?
பனிச்சறுக்குக் கட்டைகளை
வைக்க இடமில்லை என்று விற்றதற்கு?

இரவில் கால்யு
தூங்குவதுபோல் கிடந்து
அவள் முதுகில் உள்ளங்கை வைத்து எண்ணுகிறான்.
ஒன்று, இரண்டு,
              ஒன்று.
அவனுக்கு யாரும் தாள் தரவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள்
மறுபடி கேட்டு வாங்கினாள்.
எண்ணை அடிக்கவில்லை.
ஓரத்தில், சிறிய எழுத்தில்: சாவி.