ஆறாவது கேள்வி

"நூலின் வரலாற்றுப் பின்னணியை விவரி."
பத்து மதிப்பெண்.
வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி, சனிக்கிழமை,
அஞ்சல்வழி இறையியல், இரண்டாம் ஆண்டு.
ஒருநாள் சம்பளம் போனால் போகட்டுமென்று
ஆம்பூரில் ஆறரை வண்டியைப் பிடித்தேன்.

கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு, என்று தொடங்கினேன்.
வடக்கே இரண்டாம் யெரொபெயாம், தெற்கே உசியா.
தமஸ்கு நொறுங்கிக் கிடந்தது.
அசீரியாவுக்குத் தன் வீட்டுச் சண்டை.
இரண்டு யானையும் படுத்திருந்த நேரத்தில்
நடுவிலிருந்த சின்ன நாடு கொழுத்தது.
சமாரியாவுக்குத் தந்தம் வந்தது.
எண்ணெயும் பழைய திராட்சரசமும்
எந்த ஊரிலிருந்து யாருக்கு வந்தன என்று
ஓட்டுச் சில்லுகளில் மையால் குறித்துவைத்தார்கள்.
சில்லுகள் கிடைத்திருக்கின்றன.
சுமந்தவன் பெயரை யாரும் குறிக்கவில்லை.

இதுவரை வழிகாட்டியில் உண்டு. நான்கு மதிப்பெண் வரும்.

அடுத்தது செருப்பு.
ஏழையை ஒரு ஜோடிக்கு விற்றார்களென்று
தெக்கோவாக்காரன் கத்துகிறானே, அந்த இடம்.
செருப்பைக் கழற்றிக் கொடுப்பது
நிலம் கைமாறியதற்கு அடையாளம் என்பர் சிலர்.
அதையும் எழுதினேன்.
எழுதிவிட்டு என் விரலைப் பார்த்தேன், பசை காய்ந்திருந்தது.

எங்கள் பிரிவுக்கு வரும்போது ஜோடிக்கு அடி இருக்காது,
வெறும் மேல்தோல்.
ஓரம் சீவி, பசை தடவி, மடித்துத் தட்டித்
தில்ஷாத் பக்கம் தள்ளுவேன். அவள் தைப்பாள்.
பெட்டியில் ஒட்டுகிற வெளிநாட்டு விலையை
ஒருநாள் கைப்பேசியில் கணக்குப் போட்டாள்.
"பதினெட்டு நாளுக்கா, நம்ம சம்பளம்."
கொஞ்சம் கழித்து,
"சே, இருபத்தொண்ணு. ஞாயித்துக்கிழமைய விட்டுட்டேன்."
அவள் அண்ணன் தோல் கிடங்கில் முன்பணம் வாங்கியவன்.
வட்டிக்கு உழைக்கிறான், அசல் அப்படியே நிற்கிறது.
அடையாளமாகவே இருக்கட்டும்.
எதற்கு அடையாளம் என்றுதான் கேட்கவில்லை.

காலம்: பூமி அதிர்ச்சிக்கு இரண்டு வருஷம் முன்பு.
ராஜாவைச் சொன்ன பிறகும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.
நாங்களும் அப்படித்தான்.
ஆற்றில் வெள்ளம் பாலத்தைத் தொட்டபோது என் மகனுக்கு ஒன்றரை வயது,
பேரணாம்பட்டுப் பக்கம் பாத்திரம் குலுங்கியபோது அவனுக்கு அம்மை.
முதலமைச்சர் யார் என்று யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

அவனுடைய தொழில்: ஆடு. அதோடு காட்டத்தி.
காயைக் கத்தியால் கீறிவிட்டால்தான் பழுக்குமாம்.
தோலோரம் சீவ நான் பிடிக்கிற சாய்வில்தான்
அவனும் பிடித்திருப்பான் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

கூடையில் கோடைப்பழம் கண்டான்.
பழத்துக்கும் முடிவுக்கும் எபிரேயத்தில் ஏறக்குறைய ஒரே ஓசை,
தமிழில் கொண்டுவர இயலாது என்கிறது வழிகாட்டி.
முற்றியது. முற்றிற்று.
ஓரத்தில் சின்னதாக எழுதிவைத்தேன்.

கடைசியாக ஆறு.
நீதி வற்றாத ஆறாய் வரட்டும் என்கிறான்.
வழிகாட்டி இதை ஒரு வரியில் தாண்டிப்போகிறது.
அந்த நாட்டு ஓடைகள்
மழைக்கு மறுநாள் ஆளை அடித்துப்போகும்,
மூன்றாம் வாரம் நடுவில் ஆடு மேயும்.
மேய்த்தவன் அவன்.
தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்களைக் கேலி பேசுவார்கள்.
எங்கள் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால்
தோல் ஊறிய உப்பு வரும்.
ஆற்றுக்கு முன்னால் "வற்றாத" என்று போட
இப்படியொரு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.
தண்ணீர்க்காரனுக்கு அது அடைமொழி.
இங்கே அது கோரிக்கை.
ஆகவே இதுவும் வரலாற்றுப் பின்னணியே, என்று முடித்தேன்.

கூடுதல் தாள் மூன்று.
மணி அடித்ததும் வெள்ளை நூல் கொடுத்தார்கள்.
நுனியை நாக்கில் நனைத்து, இரட்டையாக இழுத்து,
எங்கள் பிரிவில் போடுகிற முடிச்சைப் போட்டேன்.

கண்காணிப்பாளர் இழுத்துப் பார்த்தார்.
"என்னம்மா இப்படி இறுக்கிட்டே?
திருத்துறவரு எப்படிப் பிரிப்பாரு?"

"பிரிக்க வேணாம் சார்.
புரட்டுனாப் போதும்."