நாலாவது புள்ளி

கட்டபெட்டுக்குக் கீழே, ஃபேக்டரியில்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
டிரையர் ஃபேன் கத்தத் தொடங்கியது.
ஈர பூட்ஸைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம்.

"பெல்ட்ட மாத்துப்பா, தூள் புளிச்சுப் போகுது"
என்றார் போஜன்.
இந்த மாசம் இது மூணாவது செட்.
கம்பெனி மாற்றியாயிற்று.
இறுக்கினோம், பேரிங் கொதித்தது.
தளர்த்தினோம், வழுக்கியது.
கார்டைக் கழற்றினால்
உள்ளே ஒரு பிடி கறுப்புத் தூள்,
எங்கள் டஸ்ட் கிரேடை விட நைசாக.

மெயினை இறக்கிப் பூட்டி
சாவியை ஜெயசீலியிடம் கொடுத்தேன்.
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு
டார்ச் பிடித்தாள்.

சாக்குத் தைக்கும் நூலை
ஃபேன் புல்லியின் முகத்தில் அழுத்தி
மோட்டார் புல்லி வரை இழுத்தேன்.
நூல் நாலு இடத்தில் தொட வேண்டும்.
பெரியதில் இரண்டு விளிம்பு, தொட்டது.
சின்னதில் ஒன்று, தொட்டது.
நாலாவதில்
நூலுக்கும் இரும்புக்கும் நடுவே
டார்ச் வெளிச்சம் ஒழுகியது.

பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து
அந்த இடுக்கில் நுழைத்துப் பார்த்தாள்.
எட்டு மடிப்பு.
"இதுக்கா இவ்வளவு கூச்சல்?"

எனக்குக் கோபம் மோட்டார் மேல்.
குனிந்து பார்த்தால்
நாலு போல்ட்டிலும் போன வருஷம் நான் இழுத்த
மஞ்சள் பெயிண்ட் கோடு
உடையாமல் இருக்கிறது.
மோட்டார் அசையவே இல்லை.

அவள்தான் டார்ச்சைத் தரைக்குத் திருப்பினாள்.
பள்ளத்துப் பக்கச் சுவரிலிருந்து
தேயிலைத் தூசி அடைத்த ஒரு விரிசல்
மோட்டார் மேடைக்கும் ஃபேன் மேடைக்கும் நடுவே
சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.
ஐப்பசி மழையில்
கீழ்த்தோட்டம் சரிந்தபோது
நாங்கள் லாரியைத்தான் எண்ணினோம்,
ரோட்டைத்தான் எண்ணினோம்.

போல்ட்டைத் தளர்த்தி
மரச்சுத்தியால் மோட்டாரின் பின்காலில்
இரண்டு தட்டு. கொஞ்சம் கூடிப்போய்
திரும்ப ஒரு தட்டு.
நூல் நாலிலும் படுத்தது.
மலை நகர்ந்த அளவுக்கு
மோட்டாரையும் நகர்த்தியாயிற்று.

சாவி வந்தது. ஃபேன் ஓடியது.
போஜன் எட்டிப் பார்த்து,
"பெல்ட்டுதானே?" என்றார்.

லாக் புக்கில்
மெஷின், பாகம், நேரம், கையெழுத்து.
தரைக்குக் கட்டம் கிடையாது.
விரிசலுக்குக் குறுக்கே
பென்சிலால் ஒரு கோடு போட்டு
பக்கத்தில் தேதி எழுதினேன்.

ஜெயசீலி டிக்கெட்டை விரித்து
தொடையில் வைத்து நீவினாள்.
வெளியே பச்சை இலை லாரி
ரிவர்ஸில் வந்து நின்றது.
ஜன்னல் அதிர்ந்தது.
இரண்டு பேரும்
பென்சில் கோட்டைப் பார்த்தோம்.