ஒரு முழம்

பரானாவின் சிவந்த மண்ணில்
கறுப்பு ஓட்ஸ் பால்பிடித்து நிற்கிறது.
அறுக்க அல்ல, வளர்த்தது.
கத்தி உருளையை இழுத்துப் போகிறாள்
இவொனெச்சி சவாட்ஸ்கி.
முறிந்து, ஒரே பக்கமாய்ச் சாய்ந்து
பாயாகிறது பயிர்.

உழுது பதினேழு வருஷம்.
கலப்பை போன இடத்துக்குக் களைக்கொல்லி வந்தது.
முதலில் கொன்றது.
பிறகு மஞ்சளாக்கியது.
பிறகு சும்மா நனைத்தது.

இன்னொரு தெளிப்பு என்கிறான் தம்பி வால்மோர்.
இன்னும் கனமாய் மூடாக்கு என்கிறாள்.
டீசல் ரசீதின் முதுகில் கூட்டிக் கழித்து
இரண்டுக்கும் ஒப்பினார்கள்,
அரை மனசாய்.
தாளில் ஒட்டிய மருந்து
மண்ணுக்கு இறங்க
ஆறு நாள் மழை பார்த்துக் கிடந்தது.

நாற்பதாம் நாள்
கம்பிச் சதுரத்தை வீசி எண்ணுகிறாள்:
மூன்று. ஒன்று. ஒன்றுமில்லை.
மருந்து, என்கிறான் அவன்.
நிழல், என்கிறாள்.
சோயா யாரையும் கேட்காமல் சாலை மூடுகிறது.

டிராக்டர் திரும்பும் முனையில் மட்டும்
ஓட்ஸ் விழாமல் போன ஒரு முழம்.
அங்கே
எதற்கும் சாகாமல்
இடுப்பளவு கீரை.
ஆமாம், கீரைதான்;
நாம் பருப்போடு கடைகிற தண்டுக்கீரைக்குப் பங்காளி.
கதிரைக் கசக்கிப் பார்க்கிறாள்.
இன்னும் கறுக்கவில்லை.

வேரோடு பிடுங்கி
வரப்பில் எறியாமல்
வண்டியில், தம்பி உட்காரும் இருக்கையில் கிடத்தி
மேடுபள்ளம் பார்த்து
மெதுவாக ஓட்டிப் போகிறாள்.