கலோ

நுன்ஸியோ கிரேன் ஓட்டுபவன். சிசிலித் தீவு, ஜேலா.
ஜுபைலில் அவன் கூண்டிலிருந்து ரேடியோ வழியே
எங்களுக்கு வருவது இரண்டே சொல்:
காலோ. கலோ.

முதலாவது, இறக்குகிறேன்.
மற்றது, இறங்கிவிட்டது.
என்றைக்கோ நடந்ததற்கான வினையை
இந்த நிமிடம் நடந்ததற்கும் போடுவது அவன் ஊர் வழக்கமாம்.
மிலான்காரர்கள் சிரிப்பார்கள்.
எங்களுக்கு அதுவா கவலை?
காலோ என்றால் கையை எடு.
கலோ என்றால் ஸ்லிங்கை அவிழ்.
எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு கீறல்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

"காலோ கையோ, ஏதோ ஒண்ணு இறங்குது"
என்பான் பீர் கனி.

நான் பள்ளியில் அலகிடப் படித்தவன்.
காலோ: நேர் நேர், தேமா.
கலோ: ஒற்றை நிரை, மலர்.
நுன்ஸியோ ஒப்பவில்லை.
இரண்டுக்கும் இரண்டிரண்டு அசைதான்,
சுத்தியல் எதில் விழுகிறது, அதைக் கேள் என்று
காலி டிரம்மில் ஸ்பானரால் தட்டினான்.
டங் டிக். டிக் டங்.

வியாழன் இரவு கேம்ப் சுவரோரம்
ஆளுக்கொரு போனோடு நிற்பவர்களைக் காட்டிச் சொன்னான்:
தெ-லே-ஃபொ-ன-னோ.
போன் பேசுகிறார்கள்.
பாரம் லேயில் ஏறி நிற்க
மீதி மூன்றும்
சாரத்திலிருந்து நழுவிய நட்டுகள் போல
உருண்டு போயின.

ஷமால் அடித்த செவ்வாய்க்கிழமை
ரேடியோ முழுக்க மணல்.
முன்பாதியைக் காற்று தின்றுவிட
லோ மட்டும் வந்தது.
கனி கை வைத்தான்.

காரணம் என்ற கட்டத்தில்
தொடர்புக் கோளாறு என்று எழுதினார்கள்.
இனி ரேடியோவில் ஆங்கிலம் மட்டும்.

ஆஸ்பத்திரிக்கு நுன்ஸியோ
ஒரு பை ஆரஞ்சோடு வந்தான்.
உரித்துக் கொடுக்க வேண்டும் என்பது
உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.
உரித்துக்கொண்டே, தலை நிமிராமல்,
பெர்தோனமி என்றான்.

என்னை மன்னி.
மி என்றால் என்னை. வாலில் வந்து ஒட்டிக்கொண்டும்
பாரம் இடம் மாறவில்லை.
பெர்தோனோ, மன்னிக்கிறேன்.
அதே சொல்லில் ஓர் அசை முன்னே தட்டிவிட்டால்
பேர்தொனோ,
இழக்கிறார்கள்.
இதை நான் கனியிடம் சொல்லவில்லை.

"எதுல அழுத்துறான்?" என்று கேட்டான்.
வலது கையை நீட்டிச்
சுண்டுவிரலிலிருந்து எண்ணினான்.
பெர்.
தோ, மோதிர விரலில்,
கட்டுப் போட்ட இடத்தில் வந்து நின்றது.

"தோவைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லச் சொல்லு."