ஆமைப்பூட்டு

பழைய வைப்பர் தகடு ஒன்றை உடைத்து
சீமெந்துப் படியில் மூன்று இரவு தேய்த்தேன்.
நுனியில் எறும்புக் கால் அளவு ஒரு வளைவு.
அது ஒரு கருவி.
மற்றது லோஜினியின் கொண்டை ஊசி,
கேட்காமல் எடுத்தது.

நோர்வூட் ஸ்டாண்டில் இன்று என் முறை ஏழாவது.
மழைக்கு ஆட்டோவின் ரெக்சீன் திரையை இறக்கிவிட்டு
மடியில் பூட்டோடு குனிந்திருந்தால்
பார்க்கிறவனுக்கு
நான் காசு எண்ணுகிறேன், அல்லது அழுகிறேன்.

உள்ளே ஐந்து முள்.
ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும்,
மயிரிழை கூடினாலும் இல்லை, குறைந்தாலும் இல்லை.
ஊசியால் பக்கவாட்டில் ஓர் அழுத்தம்:
கூடினால் எல்லாம் இறுகும்,
குறைந்தால் ஏறியதெல்லாம் இறங்கும்.
எவ்வளவு என்று எந்த வீடியோக்காரனும் சொல்வதில்லை.
'உணர்ந்து பாருங்கள்' என்கிறான்.
மூன்று மாதமாக உணர்கிறேன்,
பெருவிரல் நகத்தடியில் வலியை.

ஆமைப்பூட்டு என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள்.
தொட்டவுடன் தலையை இழுத்துக்கொள்கிறது.

ஒருநாள் கான்ஸ்டபிள் திரையை விலக்கினார்.
மொகக்த மே?
பூட்டு சேர்.
சாவி?
இல்லை சேர்.
யாருடையது?
என்னுடையதுதான்.
உன் பூட்டை நீ ஏன் களவாகத் திறக்கிறாய்?
அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.
லைசன்ஸை இரண்டு தரம் பார்த்தார்.

பிறகு ஒரு வியாழன்,
பிலோமினா டீச்சர் சாவிக்கொத்தைக் கொழும்பு பஸ்ஸில் விட்டுவிட்டு
நனைந்தபடி ஸ்டாண்டுக்கு வந்தார்.
யாரோ என்னைக் கைகாட்டினான்:
இவன் பூட்டுக்காரன்.
அந்தச் சொல்லில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

நாற்பது நிமிடம்
அவர் வாசலில் முழங்காலில் நின்றேன்.
டோர்ச் பிடித்த பையன் கொட்டாவி விட்டான்.
முதல் முள் ஏறியது, இரண்டாவது ஏறியது,
மூன்றாவதைத் தொடும்போது
பின்னால் எவரோ இருமினார்,
முதலாவது விழுந்தது.
குடைகள் கூடின.
'இவன் கள்ளனாப் போயிருந்தா பட்டினிதான்' என்றது ஒரு குடை.
டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

தவச்செல்வம் அலவாங்கோடு வந்தான்.
ஒரே நெம்பு.
கதவுப் பலகையில் ஒரு சிராயோடு கொண்டி பெயர்ந்தது.
எல்லோரும் உள்ளே போனார்கள்,
எனக்கும் பிளேன்டீ வந்தது.

பூட்டு தரையில் கிடந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
பிய்ந்த கொண்டியைக் கவ்வியபடி
இரண்டு வளைந்த ஆணிகளோடு
பூட்டியே இருந்தது.
கதவு திறந்த பிறகும்
அது திறக்கவில்லை.

'கொண்டு போங்க தம்பி, எனக்கு எதுக்கு.'

ஆமை புகுந்த வீடு, என்று தொடங்கினாள் லோஜினி.
இது பித்தளை ஆமை என்றேன்.
கொண்டை ஊசியைத் திருப்பிக் கேட்டாள்.
அது இனிக் கொண்டைக்கு ஆகாது.

செவ்வாய்க்கிழமை, டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்.
கூட்டி வந்த ஆளுக்கு ஸ்கேன், ஒரு மணித்தியாலம் ஆகுமாம்.
ரேடியோவில் மரண அறிவித்தல்.
எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று காது கேட்டுக்கொண்டிருக்க
கை தன்பாட்டில் எதையோ செய்துகொண்டிருக்க
மூன்றாவது முள்ளில் சின்ன இடறல்,
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.
வளையம் துள்ளியது.
கொண்டியும் ஆணிகளும் மடியில் கொட்டின.

கத்திவிட்டேன்.
தாதி ஒருத்தி யாருக்கு என்ன ஆனதோ என்று ஓடி வந்தாள்.

ஆனால் எப்படி?
எந்த இடத்தில் விரல் தளர்ந்தது?
மருமக்களின் பெயர்களை வாசித்தபோதா,
தகனம் பிற்பகல் மூன்று மணிக்கு என்றபோதா?

இன்னொரு தரம் செய்து பார்ப்போமே என்று
வளையத்தை அமுக்கினேன்.
டக்.

இன்று பதினொராம் நாள்.
அதே நேரத்துக்கு அதே ரேடியோவைத் திருப்புகிறேன்.
நாள்தோறும் யாரோ ஒருவர் காலமாகிறார்,
அவ்வளவுதான்.