முப்பத்தொரு கிலோ

கிளாக்ஸ்விக் மீன் ஏலக்கூடம். இரவு இரண்டேகால்.
வட்டில் இடமில்லை என்கிறது சர்வர்.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
ரன்வா கீபோர்டை இழுத்துக்கொள்கிறாள்.

பழைய எழுத்துருத் தொகுப்பு ஒன்று,
யாரும் தொடாதது.
அகற்று என்று தட்டினாள்.
கூடவே பதினேழு போகும், சம்மதமா என்று கேட்டது.
பதினேழையும் யார் படிப்பது?
ஆம்.

வரிகள் மளமளவென்று ஓடி ஓய்ந்தன.
பிறகு தராசு பேசவில்லை.

வெளியே படகு துறைக்குள் திரும்பிவிட்டது.
நான்கு டன் காட் மீன்.
மேல்தளத்தில் யாரோ விசிலடிக்கிறார்கள்.

நிறுவு என்றாள்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை:
அப்படி ஒன்று கிடையாது என்றது.
மறுபடி.
கடலடிக் கம்பிவழி
கோபன்ஹேகனிலிருந்து வந்தது,
எண்பது சதவீதத்தில் நின்று,
நின்று,
வந்தது.

தராசு விழித்தது. ஈரத் தொட்டியை வெறுமையாக வைத்தாள்.
பூஜ்யம்.
யாரும் சொல்லிக்கொடுக்காமலே பூஜ்யம்.

துழாவினாள். அமைப்புக் கோப்பு அழியாமல் கிடந்தது.
துடைத்தெறி என்றிருந்தால் அதுவும் போயிருக்கும்;
சோம்பலில் சின்னச் சொல்லைத் தட்டியிருக்கிறாள்.
உள்ளே, போன வருடம் வேலையை உதறிவிட்டு
நூக் போய்விட்ட ஹெக்னியின் குறிப்பு:

ஈரத் தொட்டி முப்பத்தொரு கிலோ.
காய்ந்ததை நம்பாதே.
யோவன்னஸ் வாதாடுவான். வாதாடட்டும்.

கயிறு வந்து விழும் சத்தம்.
யோவன்னஸ்தான்.
வட்டில் இன்னும் இடமில்லை.